பழைய வீட்டுக் கணினிக்குப் புதிய புரோகிராம்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு கணினிகளைப் பற்றியது: கொமடோர் 64, 48 கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். இரண்டும் 1982இல் வந்தவை. இரண்டுக்கும் இன்றும் நல்ல கம்பைலர்களும் (நாம் எழுதியதைக் கணினியின் கட்டளைகளாக மாற்றுபவை) எமுலேட்டர்களும் (பழைய கணினியைப் போல் நடிக்கும் மென்பொருள்கள்) கிடைக்கின்றன. முகவரிகள் (நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டின் இட எண்) எல்லாம் தசம எண்ணில்தான் இருக்கும், இந்தக் கணினிகளோடு வரும் பேசிக் மொழியில் நினைவகத்துக்குள் எண் வைக்கும் போக் கட்டளைக்கு அப்படியே கொடுக்கலாம். உதாரணம் தேவைப்படும் இடங்களில் ஒரே விளையாட்டைத்தான் எடுத்திருக்கிறோம்: உள்துறைமுகத்தில் புறப்பட்டு, கோணேசர் மலையைச் சுற்றி, புறாத்தீவு வரை படகு ஓட்ட வேண்டும். செய்திகள் முழுக்கத் தமிழில் வரும்.

லண்டனிலிருந்து மாமா அனுப்பிய கொமடோர் 64 வந்திருக்கிறது. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

கொடுக்க வேண்டாம், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். அந்தக் கறுப்புக் கட்டி மின்வழங்கி இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் நேர்மின், 9 வோல்ட் மாறுமின். 5 வோல்ட்டைச் சீராக்கும் பகுதி பழுதானால் மின்னழுத்தம் பெரும்பாலும் குறைவதில்லை, ஏறும். ஏறினால் முதலில் போவது ராம் (தற்காலிக நினைவகம்) சிப்புகள். கட்டிக்குள் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பிரித்துத் திருத்துவதும் கஷ்டம்.

கணினியில் செருகாமல் 7 ஊசி செருகியில் 2ஆம், 5ஆம் ஊசிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 5.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கட்டியைத் தூக்கிப் போடுங்கள். சரியான அளவு காட்டினாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது, சூடேறிய பிறகு ஏறும் கட்டிகளும் உண்டு. புதிதாகச் செய்த மின்வழங்கி வாங்குவதுதான் புத்தி. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் நேர்மின் வேண்டும், ஆனால் செருகியின் நடுமுனை எதிர்மின். கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் நடுமுனை பெரும்பாலும் நேர்மின்தான். பார்க்காமல் செருகினால் கதை முடிந்தது.

ரொறன்ரோவிலிருந்து வந்தது என்றால்?

அதன் மின்வழங்கி 120 வோல்ட்டுக்கானது. நமது 230 வோல்ட் சொக்கெட்டில் ஒரு நொடி கூடத் தாங்காது. அதை மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது: அது வட அமெரிக்க ரீவி முறையான என்டிஎஸ்சிக்குச் செய்த கணினி. நம்மூர் பால் முறை ரீவியில் நிறம் வராமல் போகலாம். புரோகிராம் எழுதுகிறவருக்கு வேறு தலைவலியும் உண்டு. பால் கொமடோர் ஒரு திரைக்கு 312 வரி, வரிக்கு 63 சுழற்சி (சிப்பின் கடிகாரத் துடிப்பு), மொத்தம் 19,656 சுழற்சி எடுக்கிறது. என்டிஎஸ்சியில் 263 வரி, வரிக்கு 65, மொத்தம் 17,095. பாலில் மட்டுமட்டாக முடியும் வேலை அங்கே அடுத்த திரைக்குள் வழியும், படகு நடுங்கும். இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் சிறிய எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

எந்தக் கருவிகள் வேண்டும்?

கொமடோருக்கு சி மொழிக் கம்பைலர் சிசி65, எமுலேட்டர் வைஸ். ஸ்பெக்ட்ரமுக்குக் கம்பைலர் இசட்88டிகே, எமுலேட்டர் ஃபியூஸ். அசெம்ப்ளியில் (சிப்பின் சொந்தக் கட்டளைகளில்) எழுதுவோருக்குக் கொமடோரில் கிக் அசெம்ப்ளர், ஸ்பெக்ட்ரமில் எஸ்ஜேஆஸ்எம்பிளஸ். படங்களையும் எழுத்துகளையும் மாற்றிக்கொடுக்கப் பைதன் மொழி இருந்தால் போதும். எல்லாம் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றே தாராளம்.

64 கிலோபைட் இருக்கிறது, ஏன் 38,911 பைட் என்றுதான் திரை சொல்கிறது?

அது பேசிக்குக்கு மட்டும் ஒதுக்கிய இடம், 2049இலிருந்து 40959 வரை. பேசிக் ரோம் (மாற்ற முடியாத நினைவகம்) 40960இல் தொடங்கி 8192 பைட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது, அடியில் ராம் சும்மா கிடக்கிறது. 49152 முதல் 53247 வரை 4096 பைட் எப்போதும் காலி. 53248 முதல் 57343 வரை வீடியோ, ஒலி, விசைப்பலகைச் சிப்புகளின் ரெஜிஸ்டர்கள் (சிப்பைக் கட்டுப்படுத்தும் இடங்கள்). அதற்கு மேலே கணினியின் அடிப்படை நிரல் இருக்கும் கர்னல் ரோம், அதற்கடியிலும் ராம் உண்டு.

முகவரி 1இல் 54 வைத்தால் பேசிக் ரோம் விலகும். சிசி65 இதைத் தானே செய்துவிடும். அதனால் சி புரோகிராமுக்கு 2049 முதல் 53247 வரை 51,199 பைட் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது.

எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

கொப்பியில். இதைச் சொன்னால் பலர் கேட்பதில்லை, இரண்டு மாதம் கழித்து “இடம் போதவில்லை” என்று வருவார்கள். ஒரு வரி எழுதும் முன்பே எதற்கு எத்தனை பைட் என்று பட்டியல் போடுங்கள். இடத்தைத் தின்பது பெரும்பாலும் நிரல் அல்ல, படமும் எழுத்தும்.

படகு விளையாட்டில் 16 காட்சிகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் முழுப் படமாக வைத்தால் 8000 × 16 = 1,28,000 பைட், கணினியின் நினைவகத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 8 × 8 பிக்சல் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஒரு பைட் எண் வைத்தால் 40 × 22 = 880, பதினாறுக்கு 14,080. இன்னும் அதிகம். 16 × 16 பிக்சல் ஓடுகளாக்கினால் 20 × 11 = 220, பதினாறுக்கு 3520 பைட். கடல், மணல், பாறை, பனை, தோணி, கோயில் மதில் என்று 64 ஓடு வரைந்தால் அவற்றுக்கு 2048 பைட். திரையின் அடியில் மிஞ்சும் 24 பிக்சலில் ஒரு வரித் தமிழ்ச் செய்தி உட்காரும்.

முழுக் கணக்கு இப்படி வரும்:

நிரல்: 16,384
தமிழ் எழுத்துரு, இலக்கம், குறிகள்: 3456
செய்திகள்: 6000
காட்சிகள்: 3520
ஓடுகள்: 2048
24 ஸ்பிரைட் (தனியாக நகரும் சிறு படம்), ஒன்று 64 பைட்: 1536
இசை: 4096
சி ஸ்டாக் (நிரல் ஓடும்போது தற்காலிக மதிப்புகளை வைக்கும் இடம்): 1024

கூட்டினால் 38,064. வீடியோ நினைவகத்தைக் கீழே சொல்கிறபடி வைத்தால் நமக்குக் கிடைப்பது 2049 முதல் 52223 வரை 50,175 பைட். மீதி 12,111. அந்த மீதியைக் கண்டதும் புதுக் காட்சி சேர்க்க ஓடாதீர்கள். நிரல் எப்போதும் நினைத்ததைவிடப் பெருக்கும்.

தமிழ்ச் செய்திகளை அப்படியே சி கோப்பில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் மூன்று மடங்கு இடம் போகும். இன்று வழக்கமான எழுத்துக் குறியீடான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். “திருகோணமலை” என்பது த, ி, ர, ு, க, ோ, ண, ம, ல, ை என்று பத்துக் குறிகள், ஆக 30 பைட். உங்கள் சொந்த ஒரு பைட் குறியீட்டில் 10தான். 6000 பைட் என்று மேலே போட்டது அந்தக் கணக்கில்தான். யூடிஎஃப்-8இல் வைத்தால் ஏறக்குறைய 18,000 ஆகி மீதியெல்லாம் அதிலேயே போய்விடும்.

மாற்றும் வேலையைக் கணினியில் வைக்காமல் மடிக்கணினியிலேயே பைதனில் முடித்துவிடுங்கள். அங்கே மூன்று இடங்களில் சறுக்கும். ஒன்று, ொ, ோ, ௌ ஆகியவை ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். மாற்றுவதற்கு முன் யூனிகோட் சீராக்கம் (எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்) செய்யாவிட்டால் சில சொற்கள் மட்டும் உடைந்து வரும், ஏன் என்றே தெரியாது. இரண்டு, ெ, ே, ை யூனிகோடில் மெய்க்குப் பின்னால் இருக்கும், திரையில் முன்னால் வர வேண்டும். வரிசை மாற்றுவதையும் பைதனிலேயே செய்யுங்கள். மூன்று, ஸ்ரீ இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது. இரண்டையும் ஒரே எண்ணுக்கு அனுப்புங்கள்.

247 எழுத்துக்கும் உருவம் வரைய வேண்டுமா?

வேண்டாம். உயிர் 11 (ஔ என்பது ஒ, ள சேர்ந்தது), ஃ ஒன்று, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18. உகர, ஊகார வரிசைகளுக்குத் தனி உருவம் தேவை, இரண்டும் சேர்த்து 36. ஆனால் ஙு, ஙூ, ஞு, ஞூ எங்கும் வராது, எனவே 32. ா, ி, ீ, ெ, ே, ை ஆறு. டி, டீ ஒட்டு மாறும், தனியாக இரண்டு. ஜ, ஷ, ஸ, ஹ புள்ளியோடும் இல்லாமலும் எட்டு, அவற்றுக்கான ு, ூ இரண்டு. மொத்தம் 98.

8 × 8 பிக்சலுக்குள் ‘ணை’யையும் ‘ழூ’வையும் அடைக்க முயன்று நேரத்தைக் கெடுக்காதீர்கள். வாசிக்க முடியாது. 16 × 16இல் வரைந்தால் எழுத்துக்கு 32 பைட், 98க்கு 3136. இலக்கமும் குறிகளும் 8 பிக்சல் அகலத்தில் 20 வரைந்தால் இன்னும் 320. ஒவ்வொரு உருவத்துக்கும் உண்மையான அகலத்தை ஒரு அட்டவணையில் வைத்து, ர, ா போன்ற ஒல்லி எழுத்துகளை நெருக்கி வையுங்கள். எல்லாம் சம அகலமாக இருந்தால் வரி பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

இடம் இன்னும் இறுகினால் புள்ளி எழுத்துகள் 22ஐயும் விட்டுவிட்டு, ஒற்றைப் புள்ளி உருவத்தை மெய்யின்மேல் ஓஆர் செய்து (பிட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சேர்த்து) வரையலாம். 77 உருவம், 2464 பைட், 672 மிச்சம். ஒவ்வொரு எழுத்தின் மேல் இரண்டு வரியும் அப்போது காலியாக இருக்க வேண்டும்.

கொமடோரின் 256 எழுத்துத் தொகுதியைப் பயன்படுத்தினால் வேகமாக இருக்காதா?

இருக்கும், ஆனால் 16 × 16 உருவம் ஒன்று நான்கு கட்டம் எடுக்கும். 98 × 4 = 392, இடம் 256தான். ஒவ்வொரு பிக்சலையும் தனியாக வரையும் பிட்மேப் முறைக்குப் போவதே வழி.

பிட்மேப்பை வைக்க நல்ல இடம் கர்னல் ரோமுக்கு அடியில் கிடக்கும் ராம், 57344. வீடியோ சிப் ரோமைப் பார்க்காது, அடியில் உள்ள ராமைத்தான் பார்க்கும். 56576இன் கடைசி இரண்டு பிட்டையும் 0 ஆக்குங்கள், 53272இல் 56, 53265இல் 59 வையுங்கள். நிற விவரம் 52224இல் வரும். ஸ்பிரைட்டுகளை 49152 முதல் அடுக்கலாம், முதல் ஸ்பிரைட்டின் சுட்டு எண் 0.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். சிசி65இன் ஸ்டாக் இயல்பாக 53248இலிருந்து கீழ்நோக்கி வளரும். நிற விவரம் இருக்கும் 52224 அதற்குள்ளேயே இருக்கிறது. புரோகிராம் ஓடும், ஆனால் திரையில் ஒரு மூலையில் நிறக் கட்டங்கள் எறும்பு மாதிரி ஊரும். நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரின் கட்டமைப்புக் கோப்பில் மேல்வரம்பை 52224 ஆக்குங்கள். ஸ்டாக் அளவு இயல்பாக 2048. அப்படியே விட்டால் அது 50176 வரை இறங்கி, 24 ஸ்பிரைட்டில் கடைசி எட்டின்மேல் படும். அதனால்தான் பட்டியலில் 1024.

எழுத்தை வரைந்தால் சரியாக வருகிறது, புள்ளியை ஓஆர் செய்தால் குப்பை வருகிறதே?

57344க்கு மேல் எழுதினால் ராமில் போய்ச் சேரும். வாசித்தால் வருவதோ கர்னல் ரோம். ஓஆர் செய்ய முதலில் வாசிக்க வேண்டும், ஆகவே நீங்கள் புள்ளியை ரோமின் பைட்டோடு கலக்கிறீர்கள்.

ஒரு வழி: இன்டரப்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பை) நிறுத்தி, முகவரி 1இல் 53 வைத்து, வேலை முடிந்ததும் 54க்குத் திரும்புவது. அந்த நேரம் யாராவது ரிஸ்டோர் விசையைத் தட்டினால் கணினி 65530இல் உள்ள ராம் முகவரிக்குத் தாவும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் உறைந்துவிடும். பிட்மேப் 65343இல் முடிந்துவிடுவதால் அந்த இடம் காலிதான், இடைமறிப்பிலிருந்து திரும்பும் ஓர் ஆர்டிஐ கட்டளையின் முகவரியை அங்கே எழுதி வையுங்கள்.

இதைவிட நல்ல வழி: சாதாரண ராமில் 640 பைட் எடுங்கள். 40 பைட் அகலம், 16 வரி. தமிழ் வரி முழுவதையும் அதற்குள் கோத்து முடித்து, பிறகு ஒரே மூச்சில் பிட்மேப்புக்கு நகர்த்துங்கள். வாசிக்கும் சிக்கலே இல்லை, எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்குவதும் நின்றுவிடும்.

ஸ்பெக்ட்ரமில் இதே விளையாட்டு ஓடுமா?

ஓடும், காட்சிகளைக் குறைத்தால். திரை 16384இல் தொடங்கி 6912 பைட் எடுக்கிறது: படத்துக்கு 6144, நிறத்துக்கு 768. இசட்88டிகே 32768இல் நிரலை வைக்கும், அங்கிருந்து மேலே 32 கிலோபைட். 23755 முதல் 32767 வரை ஏறக்குறைய 9000 பைட் இருக்கிறது, ஆனால் 32768க்குக் கீழே உள்ளதெல்லாம் திரைச் சிப்போடு பகிரும் ராம், அங்கே நிரல் மெதுவாக ஓடும். சுருக்கிய காட்சிகளையும் செய்திகளையும் அங்கே வைத்து, வேகம் வேண்டிய நிரலை மேலே வையுங்கள்.

திரையின் வரிகள் நேர் ஒழுங்கில் இல்லை. ஒரு கட்டத்துக்குள் ஒரு பிக்சல் கீழே போக 256 கூட்ட வேண்டும், கட்டத்தைத் தாண்டினால் கணக்கு மாறும். 192 வரிகளின் முகவரியையும் 384 பைட் அட்டவணையாக வைத்துவிடுங்கள்.

பேசிக்கில் நாமே வரைந்துகொள்ளும் உருவங்கள் 21தான், தமிழுக்குக் காணாது. கொமடோருக்கு வரைந்த அதே உருவங்கள் இங்கேயும் பொருந்தும். 256 பிக்சல் அகலத்தில் சராசரி 10 பிக்சல் எழுத்து 25 வரை நிற்கும்.

ஸ்பெக்ட்ரமில் என் இன்டரப்ட் சிலவேளை ஓடுகிறது, சிலவேளை கணினி திரும்பத் தொடங்குகிறது.

இரண்டாம் வகை இன்டரப்டுக்கு (IM 2) 257 பைட் அட்டவணை வேண்டும், 256 அல்ல. தரவுப் பாட்டையிலிருந்து (சிப்புகளுக்கு இடையே எண் செல்லும் வழி) வரும் எண் 255 என்றால் 255ஆம், 256ஆம் பைட்டுகள் வாசிக்கப்படும். 65024 முதல் 257 பைட்டிலும் 253 நிரப்பி, செயலியின் ஐ (I) ரெஜிஸ்டரில் 254 வையுங்கள். கணினி 253 × 257 = 65021க்குத் தாவும், அட்டவணைக்கு முன்னால் சரியாக மூன்று பைட், ஒரு ஜம்ப் கட்டளைக்கு அளவான இடம். ஐயில் 64 முதல் 127 வரையான எண் வைத்தால் திரையில் பனி பெய்யும்.

ரோமின் சொந்த இன்டரப்டையே விட்டு வைப்பவர்கள் செயலியின் ஐவை (IY) ரெஜிஸ்டரைத் தொடக்கூடாது. அதில் 23610 இருக்கும் என்று ரோம் நம்பிக்கொண்டிருக்கிறது.

சி எழுதினால் மெதுவாக இருக்கிறது. அசெம்ப்ளிதான் வழியா?

பெரும்பாலும் இல்லை. சிசி65இல் உள்ளூர் மாறிகள் மென்பொருள் ஸ்டாக்கில் போகின்றன, அதுதான் மெதுவாக்குகிறது. அவற்றை ஸ்டாட்டிக் ஆக்குங்கள், 255க்குள் அடங்கும் எண்ணெல்லாம் குறியில்லாத கேரக்டராக (unsigned char) இருக்கட்டும். படகுகளை ஸ்ட்ரக்ட் வரிசையாக வைக்காமல், எக்ஸ் எல்லாம் ஒரு வரிசை, வை எல்லாம் ஒரு வரிசை என்று பிரியுங்கள். ஸ்ட்ரக்ட் வரிசையில் ஒவ்வொரு தடவையும் பெருக்கல் வரும், இந்தச் சிப்புகளில் பெருக்கல் கட்டளையே கிடையாது. திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப்பைக் கூப்பிடாதீர்கள், ஒரு தடவை கூப்பிட்டாலே சில கிலோபைட் சேர்ந்துகொள்ளும். இவ்வளவும் செய்த பிறகும் மெதுவாக இருக்கும் ஒன்றிரண்டு இடங்களை மட்டும் அசெம்ப்ளியில் எழுதுங்கள். நமது விளையாட்டில் அது 640 பைட்டை நகர்த்தும் இடமும் ஓடு வரையும் இடமும்தான்.

தரவைச் சிறிதாக்கும் சுருக்கிகள் பயன்படுமா?

கட்டாயம். கொமடோருக்கு எக்ஸோமைசர், ஸ்பெக்ட்ரமுக்கு இசட்எக்ஸ்0. இரண்டாவதன் விரிக்கும் நிரல் 70 பைட்டுக்கும் குறைவு.

எமுலேட்டரில் ஓடுகிறது, உண்மைக் கணினியில் ஓடவில்லை.

முதல் சந்தேகம், தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறி. எமுலேட்டர் ராமை ஒழுங்கான எண்களால் நிரப்பித் தொடங்கும், உண்மைக் கணினியில் வாய்த்தது கிடக்கும். வைஸில் தொடக்க ராமை ஒழுங்கற்றதாக்கும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுப் பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். அடுத்த சந்தேகம், ஸ்டாக் எதையோ தின்கிறது. தொடக்கத்தில் ஸ்டாக் இடம் முழுவதும் 170 நிரப்பி, விளையாடி முடித்து எதுவரை அழிந்திருக்கிறது என்று எமுலேட்டரின் நினைவகம் காட்டும் மானிட்டரில் பாருங்கள்.

எஸ்டி2ஐஇசி போன்ற எஸ்டி அட்டை இயக்கியில் ஏற்றுகிறீர்கள் என்றால் இன்னொன்று: அது கொமடோரின் 1541 வட்டு இயக்கியின் கட்டளைகளை ஏற்கும், உள்ளே இருக்கும் சிப்பைப் போல நடிக்காது. 1541க்குள் தன் நிரலை அனுப்பும் வேக ஏற்றிகள் பல அதில் நின்றுவிடும்.

போனிலிருந்து ஸ்பெக்ட்ரமுக்கு ஏற்றும்போது பாதியில் டேப் பிழை வருகிறது.

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே அனுப்புங்கள். ஒலியை முழுவதும் கூட்டுங்கள், ஈக்வலைசர் போன்ற ஒலி மாற்றிகளை எல்லாம் நிறுத்துங்கள், போனை விமான முறையில் போடுங்கள். 48 கே முழுவதும் ஏற ஐந்து நிமிடம் போல் எடுக்கும், அதற்குள் ஒரு வைபர் ‘டிங்’ வந்தாலே எல்லாம் வீண். ஸ்டீரியோ வயரில் வேலை செய்யாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தரும் மோனோ வயர் எடுங்கள். கொமடோருக்கு இந்த வழி இல்லை, அதன் டேப் துளை ஒலியை நேராக ஏற்காது.

உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்து வீடு. கணினி ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் இல்லை.

உப்புக்காற்று. ஸ்பெக்ட்ரமின் பின்பக்க விளிம்பு இணைப்பும் கொமடோரின் கார்ட்ரிஜ் துளையும்தான் முதலில் பச்சை பிடிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகளை ஒரு தடவை மெல்லக் கிளப்பித் திரும்ப அழுத்துங்கள், பாதிப் பழுது அதிலேயே போகும். ஸ்பெக்ட்ரமைத் திறக்கும்போது விசைப்பலகையின் இரண்டு நாடாக்களையும் இழுத்துவிடாதீர்கள். பழையவை காய்ந்து, மடிந்த இடத்தில் முறியும், புது மெம்பிரேன்தான் போட வேண்டி வரும். வாடைக்காற்று மழைக்காலத்தில் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டியிலிருந்து எடுத்த உடனே கரண்ட் கொடுக்காமல் அரை மணி நேரம் வெளியில் விடுங்கள்.